பெயர் வாங்கிய ஈக்கள்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன ஊரில் ஈயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "வேற பூச்சியே கிடைக்கலையா சார், பட்டுப்பூச்சின்னாவது சொல்லக் கூடாதா?" என்றார். பட்டுப்பூச்சிக்கும் வருவேன். அதையும் கெடுக்க ஓர் ஈ இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லிக்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் உருவம் செய்து, ஏணி ஏறித் தொட்டுக் கும்பிடுகிற ஊர் இது. அந்தப் பல்லிக்கு இரையாகிற ஈக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழ ஈக்களுக்கு உலகெங்கும் வழங்குகிற பெயர்களில் பெரும்பாலானவை ஈயைப் பார்த்து வைத்தவை அல்ல. அதனால் யாருக்கு நஷ்டமோ, அந்த நஷ்டத்தை எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ, அதைப் பொறுத்து வந்தவை. புகார் மனுவில் பிறந்த பெயர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழ ஈ என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு, வாழைப்பழத் தட்டைச் சுற்றிப் பறக்கிற, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத, சிவந்த கண்ணுள்ள குட்டிப் பூச்சி நினைவுக்கு வந்திருக்கும். விலங்கியல் படித்தவர்களுக்கு அது டிரோசோபிலா. பாடநூலில் பழப்பூச்சி என்று போட்டிருப்பார்கள். வீட்டில் அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. "பழத்துல கொசு மொய்க்குது" என்போம். தோட்டமோ கழனியோ உள்ள மறுபாதிப் பேர் வேறொன்றை நினைத்திருப்பீர்கள். அது வீட்டு ஈயின் பருமன் இருக்கும். பழுப்பும் கறுப்புமான உடம்பில் மஞ்சள் திட்டுகள், நிறமற்ற இறக்கைகள். சட்டென்று பார்த்தால் சின்னக் குளவி என்று தோன்றும். பெண் ஈயின் பின்புறத்தில் கூரான முட்டைக் குழல் ஒன்று நீண்டிருக்கும். மாம்பழத்தில், கொய்யாவில், பாகற்காயில் புழு வைப்பது இதுதான்.

இரண்டுக்கும் இரண்டே இறக்கை, இரண்டும் ஈ வரிசை என்பதைத் தாண்டி நெருங்கிய உறவு இல்லை. சமையலறைக் குட்டிப் பூச்சி டிரோசோபிலிடே குடும்பம். நல்ல பழத்தை அது ஒன்றும் செய்யாது. பழம் கனிந்து புளிக்கத் தொடங்கியதும் அதில் பெருகும் ஈஸ்ட்தான் அதற்கும் அதன் புழுவுக்கும் உணவு. தோட்டத்து ஈயோ டெஃப்ரிடிடே குடும்பம். நல்ல பழம்தான் அதற்கு வேண்டும்.

அப்படியானால் பழத்தைக் கெடுக்காத பூச்சி எப்படிப் பழ ஈ ஆனது? 1823-இல் ஸ்வீடன் நாட்டு ஃபாலன் அந்தப் பேரினத்துக்கு டிரோசோபிலா என்று பெயரிட்டார். பனித்துளியை விரும்புவது என்று பொருள். 1830-இல் மெய்கன் என்ற ஜெர்மானியர் ஓர் இனத்தின் வயிற்றுக் கறுப்பைப் பார்த்து மெலனோகாஸ்டர் என்றார். 1862-இல் லோவ் அதே பூச்சிக்கு ஆம்பெலோபிலா, அதாவது திராட்சைக் கொடி விரும்பி என்று இன்னொரு பெயர் வைத்தார். நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் வெள்ளைக் கண் ஈயைக் கண்டுபிடித்து எழுதிய காலத்தில் இந்தத் திராட்சைப் பெயர்தான் வழக்கில் இருந்தது. பயிர்ப் பூச்சிகளைப் படித்தவர்கள் அதை வினிகர் ஈ என்றும், பழம் பிழிந்த சக்கையில் மொய்ப்பதால் சக்கை ஈ என்றும் சொல்லி வந்தார்கள். அந்தப் பெயர்கள் பொருத்தமானவை. ஆனால் 1933-இல் மார்கனுக்கு நோபல் பரிசு வந்தது. மரபியல் பாடம் எழுதிய எல்லோரும் அவருடைய கண்ணாடிப் புட்டியில் வளர்ந்த பூச்சியைப் பழ ஈ என்றே எழுதினார்கள். தோட்டத்து ஈயைப் படிப்பவர்கள் இன்றைக்கும் தங்களுடையதை 'உண்மைப் பழ ஈ' என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் தெரியும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

வினோதம் என்னவென்றால், அந்தப் புகழ்பெற்ற அறிவியல் பெயருக்கும் உறுதி இல்லை. டிரோசோபிலா பேரினம் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது. அதைப் பிரித்தால் விதிப்படி அந்தப் பெயர் வேறொரு கூட்டத்துக்குப் போய்விடும், மெலனோகாஸ்டர் சோபோபோரா ஆகிவிடும். பழைய பெயரைக் காப்பாற்றித் தரும்படி சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையத்துக்குப் போன விண்ணப்பம் 2010-இல் நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகு யாரும் பேரினத்தைப் பிரிக்கத் துணியவில்லை. பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்திலும் நல்ல பழத்தைத் தொடுகிற விதிவிலக்கு ஒன்று உண்டு. 1931-இல் ஜப்பானில் மாட்சுமுரா பெயரிட்ட சுசூகியை என்ற இனம், செடியில் இருக்கும் செர்ரிப் பழத்தையே கீறி முட்டையிடும். 2008 முதல் அது கலிபோர்னியாவையும் ஐரோப்பாவையும் ஆட்டிவைக்கிறது. அதை விட்டுவிட்டு நம் மாமரத்துக்கு வருவோம்.

ஏகாம்பரநாதர் கோயில் தலமரம் மா என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு கிளையில் நான்கு சுவை என்பதும், நான்கு வேதம் என்பதும் நீங்கள் கேட்டு வளர்ந்த கதை. ஒற்றை மாமரத்தால் சுவாமிக்கே பெயர் வந்த ஊர் இது. மாவுக்கு இவ்வளவு பெயர்களை வைத்திருக்கிற மொழி, பங்கனப்பள்ளி, ருமானி, செந்தூரா, மல்கோவா, நீலம் என்று ஒவ்வொன்றையும் தொட்டும் முகர்ந்தும் சொல்லிவிடுகிற மக்கள், அந்தப் பழத்தைக் கெடுக்கிற ஈக்குப் பெயர் வைக்கவில்லை. மாட்டு ஈ உண்டு, குருட்டு ஈ உண்டு, நான்கு இறக்கை உள்ள தேனீயைக்கூட ஈயில் சேர்த்துக்கொண்டோம். மா ஈ இல்லை. 'பழ ஈ' என்பது வேளாண்மைத் துறையின் துண்டுப் பிரசுரங்கள் வழியாக ஊருக்குள் வந்த சொல்.

காரணம் எளிது. கெடுக்கிறவள் கண்ணில் படுவதில்லை. முற்றிய காயின் தோலில் பெண் ஈ குழலைச் செலுத்தி, கொத்தாக முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. வெளியில் ஒரு சின்னப் புள்ளி, சில சமயம் அதில் ஒரு துளிப் பிசின், அவ்வளவுதான். ஓரிரு நாளில் முட்டை பொரிக்கிறது. ஒரு வாரம் போல உள்ளே சதையைத் தின்ற பிறகு, பழம் விழும்போதோ அறுக்கும்போதோ நாம் பார்ப்பது வெளுத்த, கால் இல்லாத, நெளிகிற புழுவை மட்டும். ஆகவே "காயில புழு வெச்சிருக்கு" என்கிறோம், சொத்தை என்கிறோம். புழுவை விட்டுவைத்தால் அது உடம்பை வளையமாக மடக்கித் துள்ளும். துள்ளிப் போய் மண்ணில் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். பத்து நாள் கழித்து மண்ணிலிருந்து வெளியே வருகிற ஈயையும் அந்தப் பழத்துப் புழுவையும் ஒன்றாக நினைக்க யாருக்கும் வாய்ப்பு இருந்ததில்லை.

இதோடு இன்னொரு குற்றவாளியும் சேர்ந்து குழப்பியது. ஓட்டை ஏதும் தெரியாத மாம்பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஊர்ந்து வருமே, அது வேறு. கூன்வண்டு இனம். 1775-லேயே ஃபாப்ரீசியஸ் அதற்கு மாவின் பெயரைச் சேர்த்து அறிவியல் பெயர் கொடுத்துவிட்டார். அது பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடுகிறது. குடைந்த தழும்பு காய் வளர வளர மூடிக்கொள்கிறது. சதையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை, கொட்டையைத் தின்கிறது. நீலம் வாங்குகிறவர்கள் "வண்டு இருக்குமோ" என்று கேட்பது இதை. வண்டுக்குப் பெயர் கிடைத்தது, ஏனென்றால் அது முழு உருவத்தோடு வெளியே வந்து நின்றது.

அத்தியையும் சொல்லாமல் விட முடியாது. 2019-இல் அத்திவரதரைப் பார்க்க இந்த ஊரே நிரம்பி வழிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அந்த 'அத்தனை'யில் பெரும்பகுதி புழுவல்ல, நுண்ணிய குளவிகள். செரட்டோசோலன் என்ற குளவி உள்ளே புகுந்தால்தான் நாட்டு அத்தியில் விதை பிடிக்கும். மகரந்தம் சுமந்து வந்த உபகாரியையும் மாம்பழத்தைக் கெடுத்த ஈயின் குஞ்சையும் புழு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிடுகிறவன் பார்வையில் இரண்டும் அருவருப்புத்தான்.

மேலை நாட்டார் வைத்த பெயர்கள் மட்டும் ஒழுங்கா என்று பார்ப்போம்.

உலகத்தில் அதிகம் பேசப்பட்ட பழ ஈ மத்தியதரைக்கடல் பழ ஈ. அதன் பூர்வீகம் மத்தியதரைக்கடல் ஓரமே அல்ல, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா. ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் ஆரஞ்சுத் தோட்டங்களில் புகுந்து, அந்தப் பழம் போன சந்தைகளில் எல்லாம் கெட்ட பெயர் எடுத்ததால் கடலின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் அறிவியல் பெயரின் கதை இன்னும் வேடிக்கை. கீல் நகரத்து மருத்துவர் வீடமான் 1824-இல் அதை முதன்முதலாக விவரித்தபோது, கிடைத்த இடம் 'கிழக்கிந்தியா' என்று குறித்தார். கப்பலில் ஏறிய பழத்தோடு ஈயும் பயணம் போன காலம் அது. குறிப்பு எங்கேயோ தடம் மாறிவிட்டது. இந்தியாவின் பெயரில் பதிவான அந்த ஈ இன்றுவரை இந்தியாவில் வேரூன்றவில்லை. நம் துறைமுகங்களில் தாவரத் தடுப்புக்காவல் அதிகாரிகள் அது உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது மெலன் ஈ. பூசணி, பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி என்று நம் கொடிக் காய்கள் அத்தனையிலும் புழு வைப்பது. தெற்காசியாதான் அதன் தாய்வீடு. எத்தனையோ நூற்றாண்டாக நம் பாகற்காயைத் தின்றுகொண்டிருந்த இந்த ஈ, 1890-களில் ஹவாய்த் தீவில் முலாம்பழத்தையும் வெள்ளரியையும் அழித்தபோதுதான் எழுத்தில் ஏறியது. 1899-இல் அமெரிக்கரான கோக்கிலெட் ஹவாயில் பிடித்த ஈயை வைத்துப் பெயரிட்டார். அவர்களுக்குப் போனது முலாம்பழம், ஆகவே மெலன் ஈ. நம் ஊரில் யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால் பாகல் ஈ என்று ஆகியிருக்கும். ஜப்பான் இந்த ஈயை ஒழிக்க ஒகினாவாவில் 1972-இல் தொடங்கி 1993 வரை பாடுபட்டது. ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிக் கோடி கோடியாகப் பறக்கவிட்டு, கடைசி ஈ வரை அற்றுப்போகச் செய்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து பழ ஈ என்று ஒன்று. இது நேர்மையான பெயர். பிறந்த மண்ணும் கெடுத்த மண்ணும் அங்கே ஒன்றுதான். 1897-இல் ஃபிராகட் அதற்குக் குவின்ஸ்லாந்துப் பூச்சியியலாளர் டிரையோனின் பெயரை வைத்தார். பூச்சியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவருக்கு அந்தப் பூச்சியின் பெயரிலேயே மரியாதை.

நம் மாமரத்து ஈக்கு வருகிறேன். பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். பேரினப் பெயர் கோல் போன்ற உணர்கொம்பைக் குறிக்கிறது. டார்சாலிஸ் என்றால் முதுகு சார்ந்தது. 1912-இல் ஹெண்டல் இதற்குப் பெயரிட்டது தைவானிலிருந்து வந்த ஈக்களை வைத்து. அதற்கு முன்பே இந்தியாவில் இதை வேறு அறிவியல் பெயரில் மாம்பழ ஈ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945 வாக்கில், அது ஹவாயில் கால் வைத்தது. அமெரிக்கர்கள் பதறிப்போய் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டினார்கள், கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். கிழக்கேயிருந்து வந்தது என்பதால் கீழைநாட்டுப் பழ ஈ ஆனது. மாம்பழ ஈ என்ற பெயர் பின்னுக்குப் போயிற்று. ஹவாய்க்குக் கீழைநாடு மேற்கே இருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இதே ஈ 2003-இல் கென்யாவில் தென்பட்டபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் அதுவரை பார்த்திராத ஈ. மாவுக்குப் பெருஞ்சேதம். இலங்கையிலும் அதே மாதிரி ஈ இருப்பதைக் கண்டு, இலங்கையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் படையெடுத்த புதிய இனம் என்று முடிவுகட்டினார்கள். 2005-இல் ட்ரூ, சுருட்டா, வைட் ஆகிய மூவரும் அதற்கு இன்வேடன்ஸ், 'படையெடுப்பது', என்று பெயர் சூட்டினார்கள். பெயரிலேயே குற்றப்பத்திரிகை. தென்கிழக்கு ஆசியாவில் பப்பாளியின் பெயரில் ஓர் இனம், பிலிப்பைன்ஸின் பெயரில் ஓர் இனம் என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். நாட்டுக்கு நாடு தடுப்புக்காவல் சட்டம் இனத்தின் பெயரைப் பார்த்துத்தான் செயல்படும். ஆகவே இந்தப் பெயர்களால் மாம்பழச் சந்தைகள் மூடின, திறந்தன. கடைசியில் உருவம், மரபணு, இனச்சேர்க்கை, வாசனைப் பொருள் எல்லாவற்றையும் வைத்துப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பார்த்ததில், இவையெல்லாம் பழைய டார்சாலிஸ்தான் என்று தெரிந்தது. 2015-இல் அந்தப் பெயர்கள் ரத்தாயின. பத்தாண்டு காலம் படையெடுப்பாளன் என்று ஏசப்பட்டது நம் மாமரத்து ஈயேதான்.

பெயர் சட்டத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை 2014-இல் நாமும் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன காய்கனிச் சரக்குகளில் 207-இல் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லி, 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கும் பாகல், புடல், கத்தரி, சேம்பு ஆகியவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. அவர்களுடைய அன்றைய பட்டியலில் இந்த ஈக்களுக்கு இருந்த தலைப்பு 'ஐரோப்பியம் அல்லாத' பழ ஈக்கள். எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. எங்கள் ஊர் இல்லை, போ என்பதோடு சரி.

இந்த ஈயை அடக்க உலகமே பயன்படுத்துகிற வழி நம் நாட்டில் தொடங்கியது. பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே பூச்சியியல் பார்த்தவர் ஃபிராங்க் மில்பர்ன் ஹவ்லெட். கொசுக்கடி தாங்காமல் அண்டை வீட்டார் ஒருவர் சிட்ரோனெல்லா எண்ணெய் பயன்படுத்த, கொசு போனதோ இல்லையோ, ஈக்கள் வந்து மொய்த்துவிட்டன. பிடித்துப் பார்த்தால் அத்தனையும் பழ ஈ, அதிலும் ஆண் ஈ மட்டும். இதை ஹவ்லெட் 1912-இல் எழுதினார். எண்ணெயில் எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடி, 1915-இல் மெத்தில் யூஜினால் என்று கண்டு எழுதினார். அவர் 1920-இல் இறந்துபோனார். அதற்கு முப்பதாண்டுக்குப் பிறகுதான் ஹவாயில் ஸ்டெய்னர் அதைக் கையிலெடுத்தார். அந்த மருந்தையும் பூச்சிக்கொல்லியையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளைப் போட்டு, ஆண் ஈக்களை ஒன்றுவிடாமல் கொன்று, 1960-களில் ரோட்டா என்ற பசிபிக் தீவிலிருந்து கீழைநாட்டுப் பழ ஈயை ஒழித்தார்கள்.

ஆண் ஈக்கு அந்த வாசனை ஏன் வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. தின்ற மெத்தில் யூஜினாலைத் தன் உடம்பில் மாற்றி, பெண்ணை அழைக்கும் வாசனையாக வெளியிடுகிறது. தின்றவனுக்குத்தான் துணை எளிதில் கிடைக்கிறது. அதே பொருள் சில வகைத் துளசியிலும் நிறைய உண்டு. கசக்கிய துளசி இலையைப் பொறியில் வைத்து ஆண் ஈயைப் பிடிக்கிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பெருமாள் கோயில் துளசி மாலைக்கும் மாந்தோப்புப் பொறிக்கும் நடுவில் இப்படி ஓர் உறவு. ஹவ்லெட்டின் பெயரை எந்தப் பொறியின் உறையிலும் நான் பார்த்ததில்லை; பெயர் வாங்க வேண்டியவர்கள் சிலர் வாங்காமலே போய்விடுகிறார்கள்.

இந்த மாகாணத்தில் அப்போது என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெயின்பிரிக் ஃபிளெட்சர் கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்தார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1914-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியானது. மெலன் ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவி ஒன்றுக்கு, 1916-இல் இத்தாலியரான சில்வெஸ்ட்ரி ஃபிளெட்சர் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டு அந்தக் குளவியை இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஈயும் நம்முடையது, அதற்கு எமனும் நம்முடையது.

பட்டுப்பூச்சிக்கு வருவேன் என்று சொன்னேன். காஞ்சியில் தறி உண்டு, பட்டுப்புழு வளர்ப்பு இல்லை. பாவும் ஊடையுமாக உங்கள் தறியில் ஓடுகிற பட்டின் தொடக்கம் கர்நாடகத்தில், ராமநகரம் போன்ற பட்டுக்கூட்டுச் சந்தைகளில். நம் மாநிலத்தில் தர்மபுரி அங்காடியிலும். அந்தக் கூடுகளைக் கெடுக்கிற ஈக்கு ஊசி ஈ என்று பெயர். பழ ஈக் குடும்பம் இல்லை என்றாலும், பெயர்க் கதையில் அதற்கு இணையான இன்னொன்று எனக்குத் தெரியாது.

தாய் ஈ பட்டுப்புழுவின் தோல்மேல் வெள்ளையாக, கண்ணுக்குத் தெரிகிற முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. இரண்டு மூன்று நாளில் பொரித்த குஞ்சு உள்ளே துளைத்து இறங்கும். இறங்கிய இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். சின்ன வயதிலேயே முட்டை ஒட்டியிருந்தால் பட்டுப்புழு கூடு கட்டும் முன்பே செத்துவிடும். பின்னால் ஒட்டியிருந்தால் கூடு கட்டிவிடும், ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டில் இழை நூறு இடத்தில் அறுந்திருக்கும். வெந்நீரில் போட்டு ஒரே நூலாக இழுக்க முடியாது. கழிவுப் பட்டோடு சேர்ந்துவிடும். வளர்ப்பு மனையின் கதவு, சன்னல் எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடிப்பது இதற்காகத்தான்.

வங்காளத்தில் இது பழைய தொல்லை. 1980-இல் விதைக் கூடுகளோடு சேர்ந்து கர்நாடகத்துக்கு வந்து இறங்கியது. வந்த சில ஆண்டுகளில் தெற்கே பட்டு வளர்க்கிற பகுதி எங்கும் பரவியது. அதன் ஆங்கிலப் பெயர் உஜி ஈ; ஜப்பானிய மொழியில் உஜி என்றால் ஈப்புழு. ஜப்பானின் பட்டுப் பண்ணைகளில் அவர்கள் ஊர் ஈ ஒன்றைக் குறித்த சொல், பட்டு வளர்ப்புப் புத்தகங்கள் வழியாக நம் நாட்டு ஈக்கும் வந்து ஒட்டியது. கன்னடத்தில் அது ஊஜி நொண. ஓசூர், தர்மபுரிப் பக்கம் இறங்கியதும் ஊசி ஈ ஆகிவிட்டது. கூட்டில் ஊசியால் குத்தினது மாதிரி ஓட்டை போடுகிறது, அதனால் ஊசி ஈ என்று வளர்ப்பவர்களே விளக்கமும் சொல்லிவிடுவார்கள். ஜப்பானியச் சொல் என்று எடுத்துச் சொல்லி அதைத் திருத்த எனக்கு மனம் வராது. இந்த உரையில் நான் எடுத்துக்காட்டிய பெயர்களில், கெடுக்கும் விதத்தைச் சரியாகச் சொல்வது அதுதான்.

இனி நம் பங்குக்கு என்ன செய்யலாம் என்பது. பெயர் எப்படி இருந்தால் என்ன, பூச்சி பூச்சிதானே என்று கேட்கலாம். விவசாயிக்கு அப்படி இல்லை. புழு என்ற பெயரோடு பார்க்கிறவர் புழுவுக்கு மருந்து அடிக்கிறார். புழு பழத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து தோலில் தங்கி நம் வயிற்றுக்கு வருகிறது. ஈ என்று தெரிந்தவர் வேறு மூன்று வேலை செய்கிறார். விழுந்த பழத்தை மரத்தடியில் விடாமல் அன்றாடம் பொறுக்கி, இரண்டடிக் குழியில் புதைக்கிறார் அல்லது பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுகிறார். மரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறி, கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காக்கை குருவிக்கும் காட்டுகிறார். பொறி கட்டுகிறார். ஆகவே வேளாண்மைத் துறை கொண்டுவந்த 'பழ ஈ' என்ற சொல்லைத் தோட்டத்து ஈக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. டிரோசோபிலாவுக்கு வேறு பெயர் வேண்டும். புளிக்க வைத்த நீரையும் வினிகரையும் காடி என்று சொல்கிற வழக்கு நம்மிடம் உண்டு. காடி ஈ என்றால் அதன் தீனியும் தெரியும், தேர்வு எழுதும் பிள்ளைக்குக் குழப்பமும் இராது. பாடநூல் எழுதுகிறவர்கள் யோசிக்கட்டும்.

பொறி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவுக்கும் கொய்யாவுக்கும் மெத்தில் யூஜினால். பாகல், புடல், பீர்க்குக்கு அது பயன்படாது. அங்கே வருவது மெலன் ஈ, அதற்குக் கியூலூர் என்ற வேறு மருந்து. இரண்டையும் ஒரே டப்பாவில் வாங்கிவந்து மாற்றிக் கட்டிவிட்டு, பொறி வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே ஆண் ஈயைத்தான் இழுக்கும். பெண் ஈக்கு முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும். அதனால்தான் கொடிக் காய்த் தோட்டங்களில் கருவாட்டுத் தூளை நனைத்து ஓட்டை போட்ட பையில் தொங்கவிடச் சொல்கிறார்கள். மாவில் அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே பொறி ஏறியிருக்க வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் கட்டினால் நல்லது. ஈக்கு வேலி கிடையாது. நீங்கள் மட்டும் கட்டினால் அவர் தோட்டத்து ஆண் ஈக்கள் உங்கள் பொறிக்கு வரும், அவர் தோட்டத்துப் பெண் ஈக்கள் உங்கள் பழத்துக்கு வரும்.